தகர டப்பாவில் வந்த காசுகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, எங்கள் வீட்டில் போர்டு கேம் ஆடும்போது காகிதப் பணத்துக்குப் பதிலாக வெளிநாட்டுக் காசுகளைப் புழங்குகிறோம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்கக் காசுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விவரம். நான் 31 வருடம் வங்கியில் காசாளராக இருந்தவள். காசை எண்ணுவது என் விரல்களுக்குப் பழகிய வேலை. என் அண்ணன் கப்பலில் இன்ஜினீயர். போன துறைமுகங்களில் மிஞ்சிய சில்லறையை எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அந்த டப்பா என்னிடம் வந்தது. இப்போது அவருடைய பேரனும் பேத்தியும் விடுமுறைக்கு என்னிடம் வந்தால், அந்தக் காசுகளை வைத்துத்தான் ஆடுகிறோம்.

கேள்வி: விடுதியில் நாங்கள் ஐந்து பேர் மோனோபொலி ஆடுகிறோம். காகிதப் பணம் கிழிந்து, டேப் ஒட்டி, இப்போது டேப்பும் பிய்ந்து வருகிறது. வெளிநாட்டுக் காசு போடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். எந்த நாட்டுக் காசு, அம்மா? (கல்லூரி மாணவர்)

நாட்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் ஆட்டம் எந்தெந்த மதிப்பைக் கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மோனோபொலி கேட்பது ஏழு: 1, 5, 10, 20, 50, 100, 500. இப்போது ஜப்பானியக் காசுகளைப் பாருங்கள்: 1, 5, 10, 50, 100, 500 யென். இருபதைத் தவிர ஆறும் அப்படியே பொருந்துகின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆறும் ஒன்றுக்கொன்று குழம்பாத காசுகள். 1 யென் அலுமினியம், சரியாக ஒரு கிராம் எடை, உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. 5 யென் பித்தளை, நடுவில் ஓட்டை. 10 யென் வெண்கலச் சிவப்பு. 50 யென்னுக்கும் ஓட்டை உண்டு, ஆனால் நிறம் வெள்ளை, விளிம்பில் வரிவரியாக இருக்கும். 5 யென் விளிம்பு வழவழப்பு. 100 யென் வெள்ளை, ஓட்டை கிடையாது.

500 யென் காசை மட்டும் வாங்க வேண்டாம். அது இன்றும் புழக்கத்தில் உள்ள, அந்த நாட்டுக் காசுகளிலேயே பெரிய மதிப்புள்ள காசு. அதில் பத்துப் பன்னிரண்டைப் பெட்டிக்குள் முடக்குவது வீண். ஐந்நூறும் இருபதும் காகிதமாகவே இருக்கட்டும். கிழிவது பெரும்பாலும் கை மாறிக்கொண்டே இருக்கும் சின்ன நோட்டுகள்தான். சின்ன மதிப்பு உலோகத்தில், பெரிய மதிப்பு காகிதத்தில்: உலகத்தில் பணம் அப்படித்தான் புழங்குகிறது, ஆட்டத்திலும் அதுவே கைக்கு இயல்பாக இருக்கிறது. எல்லாவற்றையும் உலோகமாக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கொஞ்ச நாளில் சலித்து நிறுத்திவிடுகிறார்கள்.

1, 2, 5, 10, 20 என்று போகும் ஆட்டமாக இருந்தால் டென்மார்க் காசுதான் என் முதல் தேர்வு. 1, 2, 5 குரோன் மூன்றும் வெள்ளை, மூன்றுக்கும் நடுவில் ஓட்டை, மூன்றிலும் குட்டி இதயங்கள் செதுக்கியிருக்கும். குறுக்களவு 20.25, 24.5, 28.5 மில்லிமீட்டர். ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் படிக்கட்டு போல உட்காரும். 10, 20 குரோன் மஞ்சள், ஓட்டை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் எது எது என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: என்னிடம் பல நாட்டுக் காசுகள் கலந்து கிடக்கின்றன. மதிப்பை நாமே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? உதாரணத்துக்கு, வெள்ளைக் காசு எல்லாம் 5, மஞ்சள் எல்லாம் 10 என்று? (பள்ளி ஆசிரியை)

வேண்டாம். நான் செய்து பார்த்துத் தோற்ற வழி அது.

அண்ணனின் டப்பாவைத் திறந்த முதல் விடுமுறையில் அப்படித்தான் செய்தேன். ஜெர்மனியின் பழைய 10 பெனிக் காசு எங்கள் ஆட்டத்தில் 5. இத்தாலியின் 200 லிரா 10. ஸ்பெயினின் ஓட்டை போட்ட 25 பெசேட்டா 1. ஓர் அட்டையில் பெரிதாக எழுதி மேஜை நடுவில் வைத்தேன். எனக்குக் குழப்பமே இல்லை. பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. பத்து கட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு 10 பெனிக்கை எடுத்து வைத்தான். "இது அஞ்சுடா" என்றேன். காசைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டி, "பத்துன்னுதான் போட்டிருக்கு, அத்தைப் பாட்டி" என்றான். மூன்றாவது முறை அப்படி நடந்தபோது அவன் கண் கலங்கிவிட்டது. அவன் படித்தது சரி, தப்பு என்னுடையது. அன்றைக்கே எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டி மூடினேன்.

அதிலிருந்து ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: காசில் எழுதியிருக்கும் எண் பொய் சொல்லக் கூடாது. ஒன்று, காசில் உள்ள எண்ணும் ஆட்டத்தின் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லது, ஆடுபவர்களால் படிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். 5 யென் காசில் மதிப்பு ஜப்பானிய எழுத்தில் மட்டுமே இருக்கும், நமக்குத் தெரிந்த 5 என்ற இலக்கம் அதில் கிடையாது. அதனால் அதை எந்த மதிப்புக்கும் வைக்கலாம், யாரும் தடுமாற மாட்டார்கள். சதுர ஓட்டை போட்ட பழைய சீனக் காசும் அப்படித்தான்.

நிறத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. இரவு விளக்கில் 200 லிராவும் 10 பெனிக்கும் ஒரே மஞ்சள். இயந்திரங்களே ஏமாந்திருக்கின்றன. தென்கொரியாவின் 500 வொன் காசும் ஜப்பானின் பழைய 500 யென் காசும் ஒரே அகலம், 26.5 மில்லிமீட்டர், இரண்டும் செம்பு நிக்கல் கலவை. எடையில் மட்டும் அரை கிராம் வித்தியாசம். மதிப்பில் பல மடங்கு குறைந்த வொன் காசைக் கொஞ்சம் குடைந்து எடையைக் குறைத்து ஜப்பானிய விற்பனை இயந்திரங்களில் போட்டு ஏமாற்றினார்கள். அதனால் 2000-இல் ஜப்பான் தன் 500 யென் காசின் உலோகக் கலவையையே மாற்ற வேண்டி வந்தது. தாய்லாந்தின் 10 பாட் காசையும் 2 யூரோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அகலம் ஏறக்குறைய ஒன்று, எடை 8.5 கிராம், இரண்டுமே இரட்டை உலோகம். ஒரே நாட்டின் காசுகள் ஒன்றோடு ஒன்று குழம்பக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவை. இரண்டு நாடுகளைக் கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கேள்வி: மச்சி கோரோ ஆட்டத்துக்கு எந்தக் காசு? (எட்டாம் வகுப்பு மாணவி)

உனக்குப் பதில் சொல்வது சுலபம், கண்ணே. 2012-இல் வந்த அந்த ஆட்டம் ஜப்பானில் உருவானது. அதன் காசுகள் 1, 5, 10. ஜப்பானின் 1, 5, 10 யென் காசுகளையே போடு. இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: செவன் வொண்டர்ஸ் ஆட்டத்தில் மதிப்பு 1, 3. மூன்று என்று எந்த நாட்டில் காசு இருக்கிறது? நான் தேடாத இடமில்லை. (மென்பொருள் ஊழியர்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் டப்பாவைத் திறந்துவிட்டேன்.

சோவியத் யூனியனில் இருந்தது. 1961-இல் தொடங்கிய வரிசையில் 1, 2, 3, 5 கோபெக் என்று நான்கு மஞ்சள் காசுகள். அண்ணன் கருங்கடல் பக்கம் போய்வந்த காலத்தவை என்னிடம் முப்பது முப்பத்தைந்து இருக்கின்றன. காசாளராக இருந்த எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம் வரக் காரணம் எடை. 1 கோபெக் 1 கிராம், 2 கோபெக் 2 கிராம், 3 கோபெக் 3 கிராம், 5 கோபெக் 5 கிராம். மதிப்பும் எடையும் ஒன்றே. ஒரு கைப்பிடி அள்ளித் தராசில் வைத்தால், தராசு காட்டும் கிராம்தான் மொத்த மதிப்பு. எண்ணவே வேண்டாம்.

உங்கள் ஆட்டத்தின் 2010 பதிப்பில் ஒன்று மதிப்புக் காசு 46, மூன்று மதிப்புக் காசு 24. கோபெக்காக மாற்றினால் 46 கிராமும் 72 கிராமும் சேர்ந்து மொத்தம் 118 கிராம். மொத்த மதிப்பும் 118. ஆட்டம் முடிந்து பெட்டியில் போடும் முன் தராசில் வைத்துப் பாருங்கள். கிராம் குறைந்தால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியதுதான். தேய்மானத்தால் ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே காட்டலாம். கடைசியில் மூன்று காசுக்கு ஒரு புள்ளி என்று கணக்குப் போடுவீர்கள் அல்லவா, அதையும் தராசே சொல்லிவிடும். 1 கோபெக் 15 மில்லிமீட்டர்தான், 3 கோபெக் 22. ஒன்று சிறியது என்று முதலில் தோன்றும், இரண்டாவது ஆட்டத்தில் பழகிவிடும்.

பிரிட்டனிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. 1 பென்னி 3.56 கிராம், 2 பென்ஸ் அதன் சரி இரட்டிப்பு, 7.12. இரண்டையும் ஒரே பையில் கலந்துபோட்டு எடை பார்த்தாலே தொகை தெரிந்துவிடும். வங்கியில் மூட்டை மூட்டையாகச் சில்லறை எண்ணியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கேள்வி: எத்தனை காசு வாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? குறைந்தால் நடுவில் ஆட்டம் நின்றுவிடுமே. (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

ஆட்டத்தின் தொடக்கத் தொகையிலிருந்து ஆரம்பியுங்கள். மோனோபொலியின் பழைய பதிப்புகளில் ஒருவருக்கு 1500: ஐந்நூறு இரண்டு, நூறு இரண்டு, ஐம்பது இரண்டு, இருபது ஆறு, பத்து ஐந்து, ஐந்து ஐந்து, ஒன்று ஐந்து. நான்கு பேர் என்றால், இருபதையும் ஐந்நூறையும் காகிதமாக விட்டுவிட்டு, 1, 5, 10 மூன்றிலும் இருபது இருபது, 50, 100 இரண்டிலும் எட்டு எட்டு. யென் காசில் இதன் எடை கால் கிலோவுக்குச் சற்று மேல். இது ஆடுபவர் கையில் இருப்பது மட்டும். வங்கிக்குத் தனியாக இதில் பாதியாவது வேண்டும். பத்து மட்டும் இன்னும் பத்துப் பதினைந்து கூடுதலாக இருக்கட்டும். எங்கள் மேஜையில் எப்போதும் முதலில் தீர்வது பத்துதான்.

மோனோபொலியில் வங்கிப் பணம் தீர்ந்தால் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று விதியே இருக்கிறது. எல்லா ஆட்டமும் அப்படி இல்லை, கவனியுங்கள். 1986-இல் வந்த 1830 என்ற ரயில் ஆட்டத்தில் வங்கியில் உள்ள தொகை 12,000. அது காலியாவது ஆட்டம் முடிவதற்கான அடையாளம். அங்கே கூடுதலாகக் காசு போட்டால் ஆட்டமே நீண்டுவிடும். விதிப் புத்தகத்தில் வங்கித் தொகை எழுதியிருந்தால், மிஞ்சிய காசைப் பெட்டிக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: காசு வைத்து ஆடினால் அது சூது என்கிறார் என் மாமனார். பேரப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்கிறார். என்ன பதில் சொல்வது? (இல்லத்தரசி)

அவர் கவலையை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். மேஜையில் காசு சத்தம் கேட்டால் பெரியவர்களுக்கு மனசு துணுக்குறுவது நியாயம். பணம் மனிதரை என்ன செய்யும் என்பதைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்து எழும்போது ஒருவர் வந்ததைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு போனால் அது சூது. இங்கே யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை, எல்லாம் பெட்டிக்குத் திரும்புகிறது. இதை அவர் எதிரிலேயே செய்து காட்டுங்கள். முடிந்ததும் பிள்ளைகளே எண்ணிப் பெட்டியில் வைக்கட்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். செல்லாத காசாகப் பார்த்துப் போடுங்கள். லிரா, பெசேட்டா, கோபெக் இவற்றை இன்று எந்த வங்கியும் மாற்றிக் கொடுக்காது. இந்தக் காசு ஓய்வு பெற்றுவிட்டது, இனி விளையாட்டுக்கு மட்டும்தான் என்று நான் சொன்னபோது பேத்தி உடனே புரிந்துகொண்டாள்.

முடிந்தால் மாமனாரையே வங்கிக்காரராக உட்கார வையுங்கள். சில்லறை சரியாக எண்ணிக் கொடுக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவரைவிட யார் இருக்கிறார்கள்? முப்பத்தேழை 20, 10, 5, 1, 1 என்று பிரிப்பதை என் பேரன் இந்த மேஜையில்தான் பழகினான்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. நோட்டின் நிறம் தெரியாமல் தப்பாகக் கொடுக்கிறார், பிறகு ஆட்டமே வேண்டாம் என்று எழுந்துவிடுகிறார். காசு உதவுமா? (மகள்)

நிச்சயம் உதவும். உங்கள் கடிதத்துக்காகவே இந்த இதழை எழுதினேன் என்றுகூடச் சொல்வேன்.

அவருக்கு யூரோ சென்ட் காசுகளைக் கொடுங்கள். அவற்றை வடிவமைக்கும்போதே ஐரோப்பியப் பார்வையற்றோர் ஒன்றியத்தைக் கலந்து ஆலோசித்து விளிம்புகளை வெவ்வேறாக வைத்தார்கள். 1 சென்ட்டும் 5 சென்ட்டும் வழவழப்பு, ஆனால் அளவு 16.25, 21.25 மில்லிமீட்டர் என்று நன்றாகவே வேறுபடும். 2 சென்ட்டின் விளிம்பைச் சுற்றி நகத்தில் தட்டுப்படும் ஒரு பள்ளம் ஓடும். 10, 50 சென்ட்டுகளின் விளிம்பில் சின்னச் சின்ன அலைகள். 20 சென்ட்டில் ஏழு வெட்டுகள், பூ மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒன்றை அவர் கையில் கொடுத்து, மேஜையில் உட்காரும் முன் ஒரு வாரம் சும்மா உருட்டிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். விரல் தானே படித்துக்கொள்ளும்.

பணம் வைக்க அவருக்கு விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு கொடுங்கள், காசு உருண்டு ஓடாது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எல்லோரும் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருக்காக மட்டும் செய்வது போல இல்லாமல் எல்லோருமே அப்படிச் செய்தால் அவர் எழுந்து போக மாட்டார்.

கேள்வி: கறுத்த காசை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். பளபளப்பு வரவில்லை, பித்தளைக் காசு இளஞ்சிவப்பாகிவிட்டது. ஏன்? (வாசகர்)

புளிப்பு பித்தளையின் மேல் பரப்பில் உள்ள துத்தநாகத்தைக் கரைத்துவிட்டது. மிஞ்சியது செம்பு, அதனால்தான் அந்தச் சிவப்பு. அது இனித் திரும்பாது.

விளையாட்டுக் காசுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் துளி சோப்பும் போதும். மென்மையான பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, இரவு முழுக்கக் காற்றாட விடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடும். கறுப்பு போகவில்லையா, விட்டுவிடுங்கள், அது அந்தக் காசின் வயது. தேய்க்கும் முன் பழைய காசு தெரிந்தவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. அரிய காசாக இருந்தால் தேய்த்ததும் அதன் மதிப்பு போய்விடும்.

பெட்டிக்குள் போடும் உறையிலும் கவனம் வேண்டும். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் பிசுபிசுப்பாகிக் காசில் பச்சைக் கறை ஏற்றும். காகித உறையோ துணிப் பையோ நல்லது.

கேள்வி: ஆட்டத்துக்குத் தகுந்தபடி காசில் ஓட்டை போடலாமா, பெயின்ட் அடிக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? (வாசகர்)

மேஜையில் வைத்து ஆடுவதில் சிக்கல் இல்லை. குடைவது, உருக்குவது வேறு விஷயம். ஜப்பானில் காசைச் சிதைப்பதைத் தடுக்க 1947-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற தடைகள் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஓட்டை போட்ட காசு வேண்டுமானால் ஓட்டையோடு பிறந்த காசுகள் இத்தனை இருக்கும்போது துளைப்பானை ஏன் எடுக்க வேண்டும்?

இன்னொரு எச்சரிக்கை. எடைக்கு விற்கும் கலவைக் காசு மூட்டை வாங்கினால் ஜெர்மன் மார்க்கைத் தனியாக எடுத்து வையுங்கள். லிராவை மாற்றும் காலம் 2011-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் மார்க்கையும் பெனிக்கையும் ஜெர்மனியின் மத்திய வங்கி கால வரம்பில்லாமல் யூரோவாக மாற்றித் தருகிறது. செல்லாதது என்று நினைத்து நாம் உருட்டி விளையாடுவது செல்லுபடியாகும் பணமாக இருக்கலாம். அப்படி மூட்டையாக வாங்கினால் ஒரே வகையில் இருபது தேறுவது கஷ்டம். ஒரே வகைக் காசு இத்தனை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

அப்படியானால் குழந்தை வளரும் வரை வேண்டாம். அட்டையே இருக்கட்டும். 15 மில்லிமீட்டர் காசு தொண்டைக்குள் போக ஒரு நொடி போதும். 1982-க்குப் பிறகு அடித்த அமெரிக்க சென்ட்டின் உள்ளே இருப்பது துத்தநாகம், வயிற்று அமிலத்தில் அது அரிக்கும். எந்தக் காசை விழுங்கினாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: ஆட்டத்துக்கென்றே உலோகக் காசுகளும் போக்கர் சிப்புகளும் விற்கிறார்களே. அவற்றை விட்டுவிட்டுப் பழைய காசைத் தேடி அலைவானேன்? (வாசகர்)

பெரிய தொகை வேகமாகக் கை மாறும் ஆட்டம் என்றால் சிப் என்ற அந்த வட்ட வில்லைதான் நல்லது, தயங்காமல் வாங்குங்கள். நான் மேலே சொன்ன 1830 போன்ற ரயில் ஆட்டங்களுக்குக் காசு லாயக்கில்லை. ஆயிரக் கணக்கில் புரளும் பணத்தைக் காசில் எண்ணி மாளாது. ஒரே தடிமனான சிப் என்றால் அடுக்கைப் பார்த்தாலே தொகை தெரியும்.

மறைத்து வைக்கும் பணத்துக்கும் காசு ஆகாது. 1992-இல் வந்த மாடர்ன் ஆர்ட் என்ற ஏல ஆட்டத்தில் ஒவ்வொருவரும் பணத்தைத் தடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். காசாக இருந்தால், கையை வைத்துத் துழாவும் சத்தத்திலேயே கையிருப்பு தெரிந்துவிடும். அடியில் துணி விரித்துப் பார்த்தோம், அப்போதும் கேட்டது. காகிதத்துக்கே திரும்பிவிட்டோம்.

பிராஸ்: பர்மிங்காம் போன்ற ஆட்டத்தில் காசு அழகாகப் பொருந்தும். அந்தச் சுற்றில் செலவழித்ததை உங்கள் அட்டையின் மேல் அடுக்கி வைக்க வேண்டும், குறைவாகச் செலவழித்தவர் அடுத்த சுற்றில் முந்துவார். எல்லோருடைய செலவும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒரு காசை அங்கே வைக்கும் 'டக்' என்ற சத்தத்தில் ஆட்கள் ஒரு கணம் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விற்கும் உலோகக் காசுகள் கனமானவை, அழகானவை. எனக்கு அவை புதுத் துணி மாதிரி. பழைய காசில் யாரோ பேருந்துக்குக் கொடுத்திருக்கிறார்கள், யாரோ சட்டைப் பையில் மறந்து துவைத்திருக்கிறார்கள். முகம் தேய்ந்து வருடம் மட்டும் மிஞ்சியிருக்கும். எங்கள் வீட்டில் பேத்தி தன் முறை வரும்வரை காசுகளில் வருடம் தேடுவாள், அவள் அம்மா பிறந்த வருடம் கிடைத்தால் அந்தக் காசைச் செலவழிக்கவே மாட்டாள். அதனாலேயே சில ஆட்டம் தோற்றிருக்கிறாள்.

கேள்வி: சில காசுகளை வைத்து ஆடினால் விரல் அரிக்கிறது. (வாசகி)

நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், தோல் மருத்துவரைக் கேளுங்கள். 1, 2 யூரோக்களில் நிக்கல் இருக்கிறது. 10, 20, 50 சென்ட்டுகள் செம்பு, அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம் சேர்ந்த நிக்கல் இல்லாத கலவை. ஸ்வீடனும் 2016-இல் கொண்டுவந்த புதிய காசுகளில் நிக்கலை விட்டுவிட்டது. ஜப்பானின் 1, 5, 10 யென்னிலும் நிக்கல் கிடையாது.

கேள்வி: அண்ணன் நினைவாக இருந்த காசுகளைக் குழந்தைகள் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் வந்ததா? (மூத்த வாசகி)

உடனே வரவில்லை. டப்பா நாலு வருடம் அலமாரியின் மேல் தட்டில் மூடியே இருந்தது. வருடா வருடம் தூசி துடைப்பேன், குலுக்கிப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். ஒரு மழைநாளில் பேரன் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக்கொண்டு வந்து, "இது தாத்தாவோடதா?" என்று கேட்டான். தாத்தாவைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. ஒவ்வொரு காசாக எடுத்துக் கொடுத்து, இது எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாயங்காலம் வரை மூவரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

டப்பாவின் அடியில் 5 யென் காசுகள் பதினொன்றை ஒரு கயிற்றில் கோத்து அண்ணன் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஜப்பானிய மொழியில் ஐந்து யென் என்பதும் நல்ல உறவு, நல்ல பிணைப்பு என்பதும் சொல்லும்போது ஒன்றுபோல ஒலிக்கும் என்று அவரே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த முடிச்சை நாங்கள் அவிழ்க்கவில்லை. எந்த ஆட்டமாக இருந்தாலும் முதலில் ஆடுபவர் முன்னால் அந்தக் கயிறு இருக்கும். சுற்று முடிந்ததும் இடப்பக்கத்தில் இருப்பவருக்குப் போகும்.